உறைபனிக் காலையும் சூடாகும் முன்கண்ணாடியும்

ஜோகன்னஸ்பர்கில் கார் வாங்கப் போகிற நம்மவர்கள் யோசனை கேட்டால், சன்ரூஃபையும் பெரிய டச் ஸ்கிரீனையும் விட்டுவிட்டு முதலில் முன்கண்ணாடியைப் பாருங்கள் என்பேன். சில கார்களில் கண்ணாடிக்குள்ளேயே மெல்லிய கம்பிகளைப் பதித்திருப்பார்கள். பட்டனை அழுத்தினால் அந்தக் கம்பிகள் சூடாகி வெளியே படிந்த உறைபனியை உருக்கிவிடும். "ஆப்பிரிக்காவில் அது எதுக்குங்க?" என்று உடனே கேள்வி வரும். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் புதிதாக வந்தவர்கள் கேட்பதில் வியப்பில்லை. டர்பனில் நாலைந்து தலைமுறையாக வாழ்கிற குடும்பத்துப் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். டர்பன் கடலோர ஊர். அதன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளர்ந்த ஒருவர் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலத்துக்கு வந்து, முதல் குளிர்காலத்தில், ஜூன் மாதக் காலை ஒன்றில், கார் கண்ணாடி முழுக்க வெள்ளையாக இறுகிக் கிடப்பதைப் பார்க்கும்போதுதான் கேள்வி மாறும்.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,200 சொச்சம், கொடைக்கானல் 2,100 என்று ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே வானத்தில் மேகமே இருக்காது. வறண்ட காற்று, திறந்த வானம். பகலில் 18, 20 டிகிரி வெயில் அடித்தாலும் இரவில் பூமியின் சூடெல்லாம் மேலே போய்விடுகிறது. காரின் முன்கண்ணாடி சாய்ந்து வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் அதுதான் முதலில் குளிர்கிறது. அதனால்தான் வானிலை அறிக்கையில் 2 டிகிரி என்று போட்டிருக்கும் காலையிலும் கண்ணாடியில் உறைபனி இருக்கிறது. அறிக்கை சொல்வது காற்றின் வெப்பநிலை. கண்ணாடி அதற்கும் கீழே போய்ப் பூஜ்யத்தைத் தாண்டியிருக்கும். பக்கவாட்டுக் கண்ணாடிகள் செங்குத்தாக நிற்பதால் பல நாள் தப்பித்துவிடும். மரத்தடியில் நிறுத்திய காரில் பனி படியாமல் இருப்பதற்கும் இதுவே காரணம், இலைகள் வானத்தை மறைக்கின்றன.

ஜோகன்னஸ்பர்கின் தெற்கே, இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியா பக்கம் குளிர் இன்னும் அதிகம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். க்ளிப் ஆற்றை ஒட்டிய தாழ்நிலங்களில் ஈரமும் உண்டு. அதே காலையில் நகரத்து மேட்டில் இருப்பவர் வைப்பரை ஒரு முறை போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். லெனேசியாவில் இருப்பவர் வங்கி அட்டையை வைத்துச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

சுரண்டினால் போதாதா, எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் காற்றை மேலே திருப்பினால் போதாதா? ஐரோப்பாவில் போதும். இங்கே வேறொரு சங்கதி இருக்கிறது. விடியாத நேரத்தில், வீட்டு வாசலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற காரும் அதன் பக்கத்தில் இரண்டு கையையும் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளும் என்ன ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது ஜோகன்னஸ்பர்கில் வாழ்கிற எல்லாருக்கும் தெரியும். வீட்டு நுழைவாயிலிலேயே கார் பறிப்புகள் நிறைய நடக்கின்றன. ஜூன் கடைசியில் சூரியன் உதிக்கவே ஏழு மணியை நெருங்கிவிடும். அதற்குள் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்ப வேண்டியிருக்கிறது. கேட் பூட்டியிருக்கும்போதே, கார் கதவையும் பூட்டிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்தபடி கண்ணாடியைத் தெளிவாக்கி, அதன்பிறகு கேட்டைத் திறந்து நேராக வெளியே போக முடிந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு. பனி கொட்டுகிற நாடுகளில் வசதி என்று விற்கப்பட்ட பொருளுக்கு இந்த ஊரில் இப்படி ஒரு பயன் இருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. என் மனைவி தினமும் ஆறு மணிக்கு வண்டியை எடுப்பவர்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்த்துவிடலாம். பழுது பார்க்க அது தெரிந்திருக்க வேண்டும்.

காரின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லை. இரண்டு தகடுகள், நடுவில் பிவிபி எனப்படும் பிளாஸ்டிக் படலம். கல் அடித்தாலும் சிதறிக் கொட்டாமல் பிடித்துவைப்பது அந்தப் படலம்தான். சூடாகும் கண்ணாடியில் அந்தப் படலத்தோடு சேர்த்து நூற்றுக்கணக்கான டங்ஸ்டன் கம்பிகளைப் பதிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான் தடிமன், தலைமுடியைவிட மெல்லியது. நேர்கோடாகப் போட்டால் வெளிச்சம் பட்டுக் கோடு கோடாகக் கண்ணை உறுத்தும் என்பதால் சின்னச் சின்ன நெளிவுகளோடு போட்டிருப்பார்கள். பெரும்பாலான கார்களில் கம்பிகள் மேலிருந்து கீழாக ஓடும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும், கறுப்பு வண்ணம் பூசிய பகுதிக்குப் பின்னால், பட்டையான ஒரு உலோக நாடா எல்லாக் கம்பிகளுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும். பஸ்பார் என்பார்கள். பொதுவாக இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் தனித்தனிச் சுற்று, தனித்தனி ஃப்யூஸ். கடைசியாகச் சொன்ன இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பழுது கண்டுபிடிக்கப் பாதி வழி இதுதான்.

ஒரு பாதிக்கு 35 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ட். பெருக்கினால் சுமார் 470 வாட், இரண்டு பாதிக்கும் 940 வாட். வீட்டு அயர்ன் பாக்ஸ் அளவுக்கு மின்சாரம். எங்கே போகிறது அது? கண்ணாடி 1.2 சதுர மீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால் எடை 15 கிலோ. அதை மைனஸ் 5 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குக் கொண்டுவர 88 கிலோஜூல் வேண்டும். அதன்மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பனிக்கட்டி இருந்தால் அது 110 கிராம், உருக்க 37 கிலோஜூல். ஆக, பனியை உருக்குவதைவிடக் கண்ணாடியைச் சூடாக்கத்தான் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகிறது. மொத்தம் 125 கிலோஜூலை 940 வாட்டால் வகுத்தால் இரண்டே கால் நிமிடம். வெளிக்காற்றுக்குப் போகிற இழப்பையும் சேர்த்தால் மூன்று நிமிடத்துக்குள். நடைமுறையில் அவ்வளவுகூடக் காத்திருக்கத் தேவையில்லை. கண்ணாடியை ஒட்டிய பனி உருகி வழுக்க ஆரம்பித்தாலே போதும், மீதியை வைப்பர் தள்ளிவிடும்.

ஹீட்டர் காற்று இந்த வேகத்துக்கு வர முடியாது. எஞ்சின் தண்ணீர் முதலில் சூடாக வேண்டும், அப்புறம் காற்று சூடாக வேண்டும், அப்புறம்தான் கண்ணாடி. டீசல் வண்டியில் இன்னும் தாமதம், வீணாகிற வெப்பம் அதில் குறைவு.

இந்த யோசனை கார்களுக்கு முன்பே விமானங்களில் இருந்தது. மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சைக் கண்ணாடியில் பூசிச் சூடாக்குவது இரண்டாம் உலகப் போர்க் காலத்து வேலை. கார்களில் பரவலானது 1980களின் நடுவில். ஃபோர்டு நிறுவனம் 1985இல் ஐரோப்பாவில் ஸ்கார்ப்பியோவில் கம்பி பதித்த கண்ணாடியைக் கொடுத்தது, குவிக்கிளியர் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் அதே நிறுவனம் டாரஸ் காரில் உலோகப் படலம் பூசிய வகையை இன்ஸ்டாகிளியர் என்ற பெயரில் விற்றது. 2000 முதல் 2008 வரை லேண்ட் ரோவர் ஃபோர்டின் கையில் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் அந்தக் கால லேண்ட் ரோவர்கள் பலவற்றில் கம்பிக் கண்ணாடி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அண்மைக் காலத்தில் வோக்ஸ்வாகன் போன்றவர்கள் கம்பியே இல்லாமல் வெள்ளிப் படலத்தால் சூடாக்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். அதே படலம் கோடையில் வெயிலின் வெப்பத்தையும் திருப்பி அனுப்பும்.

இனி பழுதுக்கு வருகிறேன். "பட்டனில் விளக்கு எரியுது, ஆனா கண்ணாடி தெளியலை" என்பதுதான் பொதுவான புகார். இதற்கு நேராகக் கண்ணாடியை மாற்றச் சொல்கிற கடைகளும் உண்டு. விலை ஆயிரக்கணக்கான ராண்ட். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது பைசா செலவில்லாத ஒரு சோதனை. உறைபனி படிந்த காலையில் வைப்பரைத் தொடாமல், ஹீட்டர் காற்றையும் நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பட்டனை அழுத்தி, பனி எந்த ஒழுங்கில் உருகுகிறது என்று பார்ப்பது. அரை நிமிடத்துக்கு ஒரு போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் லெனேசியாவில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒரு பெரியவர். அவருடைய முன்னோர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனாலும் என்னிடம் தமிழில்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார். போன குளிர்காலத்தில் என் வண்டியில் இடப்பாதி சீக்கிரம் தெளிந்தது, ஓட்டுநர் பக்கமான வலப்பாதி தெளிய ரொம்ப நேரம் எடுத்தது. ஃப்யூஸ் நன்றாகவே இருந்தது. வேறொரு பட்டறையில் கம்பி போய்விட்டது, கண்ணாடியை மாற்றிவிடுங்கள் என்றார்கள். அங்கிளுக்கு போன் செய்தேன்.

"தொடைக்காத தம்பி. பனி மேல போட்டோ எடு. வாட்ஸ்அப் போடு. பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: "கம்பி நல்லாதான் இருக்கு. கரண்ட் போகுது, ஆனா முழுசா போகல. வண்டியக் கொண்டு வா."

அவர் எப்படித் தீர்மானித்தார் என்பதுதான் விஷயம். வலப்பாதி முழுவதும் ஒரே சீராகத்தான் உருகியது, மெதுவாக. கம்பிகள் அறுந்திருந்தால் அறுந்த இடத்தில் மட்டும் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு நிற்கும், அதன் இருபக்கமும் வழக்கம்போல் தெளிந்துவிடும். கம்பிகள் எல்லாம் பக்கம்பக்கமாக இணைத்தவை என்பதால் ஒன்று போனால் மற்றதற்குப் பாதிப்பில்லை. ஒரு பாதி முழுக்க அப்படியே வெள்ளையாக நின்றால் அந்தச் சுற்றின் ஃப்யூஸ், மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, கனெக்டர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இரண்டு பாதியுமே அசையவில்லை என்றால் கண்ணாடியைச் சந்தேகப்படுவதற்கு முன் வண்டி மின்சாரத்தை அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பாதியில் ஓர் ஓரத்துப் பகுதி மட்டும் பட்டையாக நின்றால் பஸ்பாரில் விரிசல். முழுப்பாதியும் தெளிகிறது, ஆனால் சோம்பலாகத் தெளிகிறது என்றால், வழியில் எங்கோ மின்தடை ஏறியிருக்கிறது.

பட்டறையில் அவர் மல்டிமீட்டரில் ஓம் அளக்கவே இல்லை. 13.5 வோல்ட்டை 35 ஆம்பியரால் வகுத்தால் கண்ணாடியின் மின்தடை 0.4 ஓமுக்கும் குறைவு. சாதாரண மீட்டரின் வயர்களுக்கே கிட்டத்தட்ட அந்த அளவு தடை இருக்கும். அதில் வரும் எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அவர் செய்தது வேறு. எஞ்சின் ஓடுகிறது, பட்டன் போட்டிருக்கிறது, கண்ணாடி மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை கண்ணாடிக்குப் போகும் கனெக்டரிலும் வைத்தார். மீட்டர் காட்டுவது வழியில் இழந்த வோல்ட். அது அரை வோல்ட்டுக்கும் குறைவு, சரி. அடுத்து எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. கண்ணாடியின் நெகட்டிவ் கனெக்டரிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை 3 வோல்ட் காட்டியது. அங்கேதான் பழுது.

வைப்பர்களுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், காய்ந்த இலையும் மண்ணும் மக்கிப்போய்க் கிடந்தன. ஈரம் தங்கி, எர்த் வயரை பாடியில் பிடித்திருக்கும் போல்ட் துருவேறி நிறம் மாறியிருந்தது. 13.5இல் 3 வோல்ட் அந்த போல்ட்டிலேயே போய்விட்டால் கண்ணாடிக்குக் கிடைப்பது 10.5. வெப்பம் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால் சூடு 60 சதவீதமாகக் குறைந்துவிடும். இரண்டே கால் நிமிட வேலை நாலு நிமிடத்தை நெருங்கிவிடும். அதோடு, அந்தத் துரு பிடித்த இணைப்பில் 80 வாட் வெப்பம் உண்டாகிறது. நிறம் மாறியதன் காரணம் அதுதான். விட்டிருந்தால் பக்கத்து வயரின் இன்சுலேஷன் உருகியிருக்கும். அங்கிள் போல்ட்டைக் கழற்றி, பாடியின் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வயர் முனையில் புது லக் (உலோக வளையம்) போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினார். மறுபடி அளந்தபோது பத்தில் ஒரு வோல்ட்டுதான் காட்டியது. கூலி கேட்டதும் எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, அவ்வளவு குறைவு. மக்கிய இலையை அவரே கையால் அள்ளிப் போட்டுவிட்டு, "வருஷம் வருஷம் ஏப்ரல் மாசம் இத தொறந்து சுத்தம் பண்ணு, தம்பி" என்றார்.

இரண்டு பாதியும் சூடாகாத வண்டிகளில் அவர் பார்க்கும் முதல் ஆள் பேட்டரி. இவ்வளவு ஆம்பியர் இழுக்கும் பொருளை எஞ்சின் ஓடாதபோது வண்டி அனுமதிக்காது. எஞ்சின் ஓடினாலும் பேட்டரி பலவீனமாக இருந்தால் கம்ப்யூட்டர் முதலில் துண்டிக்கிற சுமைகளில் இதுவும் ஒன்று. அதனால் பட்டனை அழுத்தியதும் விளக்கு எரிந்து உடனே அணைந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள். ஐந்தாறு வயதான பேட்டரி முதல் குளிர் அலையில் தளர்ந்திருக்கும். கண்ணாடிப் பட்டனைப் போடாமல், எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.4 வோல்ட் வரை காட்டுகிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். சில வண்டிகளில் வெளி வெப்பநிலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால்தான் தானியங்கி முறை வேலை செய்யும். சில நிமிடங்கள் கழித்துத் தானாக அணைந்துவிடுவது எல்லாவற்றிலும் உண்டு, அது பழுது இல்லை.

ஃப்யூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸை ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம். மறுபடியும் எரிந்தால் நிறுத்திவிடுங்கள். பெரிய ஃப்யூஸ் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறுகிறது. கண்ணாடியின் கீழ் விளிம்பில் பழுப்பு நிறத்தில் கருகல் புள்ளி தெரிந்தாலும், சூடாக்கும்போது பொறி தட்டினாலும் அந்தப் பட்டனைத் தொடவே கூடாது. ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிட்டு மாற்றுக் கண்ணாடிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதுதான்.

கம்பி அறுந்தால் ஒட்டவைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பின்கண்ணாடிக் கோடுகளை ஒட்டவைக்கலாம், அவை கண்ணாடியின் உட்புற மேல்பரப்பில் அச்சடித்தவை. வெள்ளி கலந்த மின்கடத்தும் பெயின்டைத் தடவினால் வேலை செய்யும். முன்கண்ணாடியின் கம்பிகள் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கை போகவே வழியில்லை. ஒன்றிரண்டு கோடுகள் என்றால் அப்படியே ஓட்டலாம், வைப்பர் அந்த மெல்லிய பனிக்கோட்டைத் தள்ளிவிடும். கோடுகள் ஓட்டுநரின் பார்வைக்கு நேராகக் கூட்டமாக இருந்தால் மாற்றுவதே நல்லது.

கம்பி அறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கல். ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் போகிற எவருக்கும் கல்லடி படாமல் இருக்காது. சின்னச் சில்லு விழுந்ததும் ரெசின் நிரப்பிவிட்டால் விரிசல் நீளாது. குளிர்காலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும், ஏனென்றால் சில்லு விழுந்த கண்ணாடியில் திடீர்ச் சூடு பட்டால் விரிசல் ஓடும். கெட்டில் வெந்நீரை ஊற்றுவது எந்தக் கண்ணாடிக்கும் ஆபத்து, சில்லு இருக்கிற கண்ணாடிக்கு நிச்சயமான சேதம். குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறவர்களும் உண்டு. கண்ணாடி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ஊற்றிய தண்ணீரே இன்னொரு அடுக்குப் பனியாகிவிடும்.

வைப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை உணரும் தானியங்கி வைப்பர் இருந்தால் இரவு நிறுத்தும்போதே அதை ஆஃப் செய்துவிடுங்கள். காலையில் ரப்பர் கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கும்போது மோட்டார் இழுத்தால் ரப்பர் கிழியும், அல்லது மோட்டார் போகும். கண்ணாடி சூடான பிறகு கையால் வைப்பரை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டால் இரண்டும் பிழைக்கும். வாஷர் தண்ணீரும் அப்படித்தான். இங்கே எல்லாரும் வெறும் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், அது குழலிலேயே உறைந்துவிடும். உறையாத திரவம் சேர்ப்பது மலிவான வேலை.

ஜோகன்னஸ்பர்கில் பனி கொட்டுவது அபூர்வம். 2012 ஆகஸ்டில் கொட்டியது, 2023 ஜூலை 10 அன்று மறுபடி கொட்டியது. ஆனால் டர்பனுக்கோ பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கோ போகிறவர்கள் ஹாரிஸ்மித்தைத் தாண்டி வான் ரீனன் கணவாயில் இறங்கியாக வேண்டும். 2024 செப்டம்பரில், வசந்தம் வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, அங்கே பனி கொட்டி என்3 மூடப்பட்டது. நிறையப் பேர் இரவு முழுக்கக் கார்களிலேயே மாட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சூடாகும் கண்ணாடி ஓரளவுக்குத்தான் உதவும். சாலையில் டயர் வழுக்குவதற்கு அதனிடம் மருந்து இல்லை. நின்றுபோன வண்டியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் டீசல் செலவாகும். அந்த மாதிரி முன்னறிவிப்பு இருந்தால் கிளம்பாமல் இருப்பதுதான் சரி. ஆனால் கணவாயில் நாம் அடிக்கடி சந்திப்பது பனிமழையை அல்ல, மூட்டத்தை. மேலே குளிர்ந்துபோன கண்ணாடியோடு ஈரமான மூட்டத்துக்குள் இறங்கும்போது வெளியேயும் உள்ளேயும் ஒரே நேரத்தில் மங்கும். குழந்தைகள் பின்னால் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நாலு பேர் மூச்சு உள்ளே இருக்கும். ஏசி ஈரத்தை உறிஞ்சும்தான், ஆனால் குளிர் அதிகமானால் கம்ப்ரஸர் ஓடாது. அங்கே ஒரு பட்டனில் இரண்டு பக்கமும் தெளிகிறது. அந்த வளைவுகளில் லாரிகளுக்கு நடுவே இதைவிட எனக்குப் பிடித்த பட்டன் வண்டியில் வேறில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். காலைச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும்போது கம்பிகள் மின்னும். இரவில் எதிர் விளக்குகளைச் சுற்றி ஒரு நட்சத்திரச் சிதறல் தெரியும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. அதனால் வாங்குவதற்கு முன் மாலை வேளையில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். உலோகப் படலம் பூசிய வகையில் கம்பி மின்னாது, ஆனால் அது ரேடியோ அலைகளை மறிக்கும். என்3இல் உள்ள டூகெலா, வில்கே, டி ஹுக் டோல் வாசல்களில், கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் இ-டேக் வேலை செய்யாமல் தடுப்புக் கம்பி முன் நிற்பவர்களில் இந்தக் கண்ணாடிக்காரர்களும் உண்டு. ரியர்வியூ மிரரைச் சுற்றிப் படலம் பூசாத ஒரு சின்னப் பகுதியை விட்டிருப்பார்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும். டேக்கை அங்கே ஒட்டினால் சரியாகிவிடும்.

கடைசியாக, கண்ணாடியை மாற்றும் நாள் வந்தால் என்ன செய்வது. இன்ஷூரன்ஸ் மூலம் போகும்போது மலிவான சாதாரணக் கண்ணாடியைப் பொருத்திவிட்டு, இரண்டு கனெக்டரையும் உள்ளே சும்மா தொங்கவிட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கோடையில் மாற்றினால் அடுத்த ஜூன் வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே மதிப்பீட்டுத் தாளிலேயே "சூடாகும் கண்ணாடி" என்று எழுதி வாங்குங்கள். மழை சென்சார், கேமரா இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். கேமரா உள்ள வண்டிக்குக் கண்ணாடி மாற்றிய பிறகு அளவுதிருத்தம் செய்தாக வேண்டும். வண்டியை எடுக்கும்போது கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்து நெளிந்த கம்பிகள் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பட்டனை அழுத்தி, இரண்டு நிமிடம் கழித்து இடப்பாதியிலும் வலப்பாதியிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் நாளானாலும் வெதுவெதுப்பு கையில் தெரியும். ஒரு பாதியில் தெரியவில்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரிசெய்த பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள்.